பவுனக்கா கவுத்து வச்ச குடம்

திண்டிவனத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிக்கிற கொட்டாயில பவுனக்கா கை மாதிரி இன்னொரு கை கெடையாது. சொம்மா சொல்லல. பதினோரு வருஷமா பக்கத்துலயே குந்திக்கினு உரிக்கிறவ நான், கொளஞ்சி. அக்கா மரக்காணத்துலேந்து வாக்கப்பட்டு வந்துச்சு. புருஷன் போனப்புறம் ரெண்டு பொண்ணுங்களையும் இந்த வேலையிலதான் கரையேத்துச்சு.

முன்னல்லாம் எங்க கொட்டை செக்குக்குத்தான் போவும். எண்பத்திமூணு வாக்குல எல்லாம் மாறிப்போச்சு. கப்பல்ல வாங்கற வெளிநாட்டுக்காரன் எண்ணெய்க்குக் கேக்கல, வறுத்துத் தின்னக் கேக்கறான். ஒடையக் கூடாதாம், உள்ள இருக்கற செவப்புத் தோலு உரியக் கூடாதாம், எல்லாம் ஒரே பருமனா இருக்கணுமாம். மகாராசன், பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தினி கேக்கமாட்டான்! மெஷின்ல போட்டா ஒடையுதுன்னு எங்க முப்பது பொம்பளைங்களை வச்சிக் கையால உரிக்கவுட்டாரு மொதலாளி ரிஷபநாதன். செஞ்சிப் பக்கத்து ஜைனர், அதிர்ந்து பேசாத மனுஷன்.

அந்தத் தை மாசம் அவரு அனுப்பன சாம்பிள் தேறல. கொட்டையில ஈரம், ஈரத்துல விஷப்பூஞ்சைன்னு மெட்ராஸ் ஏஜெண்ட் லெட்டர் போட்டுட்டான். இன்னொரு சாம்பிள் அனுப்பலாம், அதுவும் தேறலன்னா இனிமே எங்ககிட்ட வாங்கறதே இல்லன்னும் எழுதியிருந்தான்.

"அப்டி ஆச்சுன்னா கொட்டாயை மூட வேண்டியதுதாம்மா"ன்னாரு மொதலாளி. "நமக்குக் காய் போடற பெருமுக்கல் மாயவன் சரியா காயவைக்காம குடுத்துட்டான். இனிமே அவன் காய் வேணாம்."

பவுனக்கா மடியில இருந்த தோலைத் தட்டிவுட்டு எழுந்து நின்னுச்சு. "மாயவன் மேல தப்பு இல்லீங்க மொதலாளி. நாங்கதான் தண்ணி தெளிக்கிறோம்."

காஞ்ச தோலு வெரலை அறுக்கும். அதனால சாயங்காலம் வூட்டுக்குப் போவசொல்ல காய் மேல ஒரு கொடம் தண்ணி தெளிச்சி, சாக்கைப் போட்டு மூடிடுவோம். காலையில தோலு மெத்துனு இருக்கும், ரெண்டு பங்கு உரிக்கலாம். எங்களுக்கு இதைக் கத்துக்குடுத்ததே பவுனக்காதான். சாக்குக்குள்ள புழுங்கிப் பூஞ்சை புடிக்கும்னு எவ கண்டா?

"இனிமே காஞ்சதையே உரிக்கிறோம், ஒரு தபா பாருங்க"ன்னுச்சு அக்கா. அவரு சரின்னு தலையாட்டிட்டுப் போய்ட்டாரு.

நான் புடிபுடின்னு புடிச்சிட்டேன். "ஒனக்கு இன்னா பைத்தியமாக்கா? வாயை மூடிக்கினு இருந்தா இன்னா கொறைஞ்சிடும்?"

"இருந்தா மாயவன் பொழப்பு போவும். அடுத்த சாம்பிள்லயும் பூஞ்சைதான் போவும். அப்பறம் எந்தக் கொட்டாயிலடி நீ உரிப்ப?"

சொல்லிட்டு, அது பாட்டுக்குத் தண்ணிக்கொடத்தை மூலையில கவுத்து வச்சிடுச்சு. குடிக்கிற தண்ணிகூட கேட்டுக்கு வெளியதான். காயை மறுபடி வெயில்ல போட்டு, கலகலன்னு சத்தம் வந்தப்பறம்தான் உரிக்கவுட்டுச்சு. நாலே நாள்ல எல்லார் நகக்கண்ணும் வெடிச்சிப்போச்சு. கொட்டையில ரத்தம் படக்கூடாதுன்னு வெரலுக்கு வெரலு துணி சுத்திக்கினோம். நான் தெனமும் திட்டிக்கினேதான் உரிச்சேன். என் குவியல்லேந்து பாதியை அது தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கும். பேஜாரு புடிச்ச பொம்பளை!

புது சாம்பிள் போய்ப் பதினாறாம் நாளு, அஞ்சு மணிக்குத் தந்தி வந்துச்சு. மொதலாளி ஒருதபா படிச்சாரு, மறுபடியும் படிச்சாரு.

"தேறிடுச்சு பவுனம்மா! சரக்கு அனுப்பச் சொல்லிட்டான்! மாயவனுக்கும் ஆள் அனுப்பறேன்." தந்திக்குக் காத்துக்கினு காலையிலேந்து பச்சைத்தண்ணி குடிக்காத மனுஷன். ஜைனராச்சே, பொழுது சாஞ்சா சாப்புட மாட்டாரு. "இருங்க, ஜல்தியா ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடறேன்"னு வேட்டியைத் தூக்கிப் புடிச்சிக்கினு ஓடனாரு. முப்பது பேரும் சிரிச்சோம், அழுதோம்.

பவுனக்கா மட்டும் செவுத்துல சாஞ்சி குந்திடுச்சு. "கொளஞ்சி, அந்தக் கொடத்துல தண்ணி எடுத்துக்கினு வாடி."

"மறுபடியுமா? யக்கா, கொன்னுடுவேன்!"

"கொட்டைக்கு இல்லடி. வெளிய கொண்டாந்து வையி."

வாசல்ல கொண்டாந்து வச்சி, தண்ணியை அகலமான அன்னக்கூடைப் பாத்திரத்துல ஊத்தனேன். அது துணியெல்லாம் அவுத்துச்சு. பத்து வெரலும் வெடிச்சி ரத்தம் கட்டிக் கெடந்துச்சு. ரெண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் தண்ணியில வுட்டு, "யப்பா"ன்னு கண்ணை மூடிக்கினுச்சு. நானும் கீழ குந்தனேன். என் கையையும் புடிச்சி இழுத்து உள்ள வச்சிக்கினுச்சு.