உடைக்கச் சொன்னவள்

கருமத்தம்பட்டியைத் தாண்டி ஒரு பனியன் கம்பெனி. சண்முகப்பிரியா அங்கே செக்கிங் சூப்பர்வைசர். தையல் நழுவியது, கறை பட்டது, காலர் கோணியது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். எல்லாவற்றையும் தள்ளினால் லாரி கிளம்பாது. எல்லாவற்றையும் விட்டால் சரக்கு திரும்பி வரும். அவள் ரிஜெக்ட் என்று சொன்னால் மேனேஜர்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

வீட்டில் அவளைத்தான் மற்றவர்கள் செக்கிங் செய்தார்கள். புருஷன் அருள்குமார் பம்புசெட் கடையில் சேல்ஸ்மேன். குழம்பில் உப்பு, அவள் புடவை கட்டுகிற விதம், ஒரே பெண் குழந்தையோடு நின்றுபோனது என்று அவனும் அவன் அம்மா செல்லாத்தாளும் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவளிடம் எதையும் கேட்டதில்லை. வீட்டுமனை வாங்கியதுகூடப் பத்திரம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

வீடு கட்டும் வேலையை அவளுடைய அண்ணன் வேலனிடம் கொடுத்தார்கள். வேலன் நல்ல மேஸ்திரி. பெண் கொடுத்த இடம் என்பதால் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்வான் என்பது அருள்குமாரின் கணக்கு. வேலனுக்கோ தங்கச்சி வீடு. ஹால் டைல்ஸை ஆட்களிடம் விடாமல் அவனே முட்டி போட்டுப் பதித்தான்.

பெயின்ட் அடித்து முடிந்ததும் அருள்குமார் ஒரு சாக்பீஸோடு உள்ளே நுழைந்தான். செல்லாத்தாள் பின்னாலேயே போய்க் குறை என்று கையைக் காட்டிய இடத்திலெல்லாம் அவன் வட்டம் போட்டான். மத்தியானத்துக்குள் வீடு அம்மை போட்ட உடம்புபோல் ஆகிவிட்டது.

சாயங்காலம் பிரியா தனியாக ஒரு சுற்று வந்தாள். பூச்சில் இருந்த மயிரிழை வெடிப்புகள் எந்த வீட்டிலும் வருவது, பட்டி வைத்தால் மறைந்துவிடும். சமையலறை ஜன்னல் முழுசாகச் சாத்தவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். பாத்ரூமில் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் கதவோரம் தேங்குகிறது, அதையும் சொல்லவேண்டும். ஹாலில் வாசற்படி ஓரமாக ஒரு வரிசையில் இணைப்பு நூலளவு விலகியிருந்தது. குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். அதை விட்டுவிடலாம்.

"ஏனுங்க, பாத்ரூம் வாட்டத்தையும் ஜன்னலையும் மட்டும் அண்ணங்கிட்டச் சொல்லலாமுங்க. மத்ததெல்லாம் எல்லா ஊட்லயும் இருக்கறதுதானுங்க" என்றாள்.

"பாத்ரூமை ஆரு பாக்கப் போறாங்க? நாலு சொந்தக்காரங்க வந்து நிக்கறது ஹால்ல. ஹாலைத்தான் கேக்கோணும்."

வேலன் தன் கையால் பதித்தது அது ஒன்றுதான். அருள்குமாருக்கும் அது தெரியும்.

மறுநாள் வேலன் வந்து, சுவரெல்லாம் இருந்த வட்டங்களைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றான். பிறகு வாசற்படி ஓரம் குந்தி விரலால் தடவிப் பார்த்தான்.

"நூலளவு ஓடியிருக்குதுங்க மாப்ள. சந்து அடைச்சாத் தெரியாதுங்க."

"என்ற கண்ணுக்குத் தெரியுதுங்களே மச்சான்."

"தங்கச்சி ஊடுன்னு பாத்துப் பாத்துச் செய்வீங்கன்னு நெனச்சோம்" என்றாள் செல்லாத்தாள்.

அருள்குமார் சிரித்தபடி பிரியாவைப் பார்த்தான். "எங்களுக்கு என்ன தெரியுமுங்க? இவதான செக்கிங்ல பெரிய ஆளு. இவளே சொல்லட்டும்."

வேலன் முகம் தெளிந்தது. தங்கச்சி விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்தானோ என்னவோ. "அதுஞ் சரிதானுங்க. சொல்லு அம்மணி. நீ ஒடைக்கச் சொன்னா ஒடச்சுப்போடறேன்."

மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் அவள் வார்த்தைக்காக யாரும் அதுவரை காத்து நின்றதில்லை. வேண்டாம் என்று சொன்னால் எத்தனை மாதம் குத்திக்காட்டுவார்கள் என்ற பயம் இருந்தது. பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் அந்தப் பயத்தை மட்டும்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. அவர்கள் காத்திருந்தது அவளுக்கு ருசித்தது.

"ஒடச்சுருங்கண்ணா" என்றாள். கம்பெனியில் பேசுகிற குரலிலேயே வந்தது.

வேலன் ஆளைக் கூப்பிடவில்லை. வண்டியிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்துவந்து அவனே உட்கார்ந்தான். பிரியா டீ வைக்கப் போனாள். பால் பொங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தபோது அண்ணன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணுமில்ல அம்மணி, தூசி" என்றான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

டைல்ஸ் சில்லு உள்ளே ஆழமாக இறங்கியிருந்தது. அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அருள்குமார் தன் அம்மாவிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "கண்ணாடி போட்டுட்டு ஒடைக்கோணும்னு ஒரு மேஸ்திரிக்குத் தெரியாதுங்களா?"

வேலனின் மனைவி மாசாணியம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பிரியாவைத்தான் பார்த்தாள். "ஒடைக்கச் சொன்னது நீதானா?"

"வேலையில தப்பு இருந்துச்சுங்க அண்ணி" என்றாள் பிரியா.

மாசாணியம்மாள் எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

முகூர்த்தம் குறித்தாகிவிட்டது என்று கிரகப்பிரவேசத்தைத் தள்ளிப்போடவில்லை. வேறொரு ஆள் வந்து அவசர அவசரமாக ஹாலைப் பதித்துக் கொடுத்தான். வாசலிலிருந்து சுவர் வரைக்கும் கோடு விரலளவு ஓடியிருந்தது, நின்றபடியே தெரிந்தது. பிரியா காட்டினாள்.

அருள்குமார் குனியக்கூட இல்லை. "இதையெல்லாம் பாத்துட்டிருந்தா ஊட்டுக்குக் குடி வர முடியுமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

கிரகப்பிரவேசத்தன்று வேலன் கண்ணில் கட்டோடு சீர்த்தட்டு எடுத்துவந்தான். மாசாணியம்மாள் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் செல்லாத்தாள் அவனைக் காட்டினாள். "கண்ணே போயிருச்சு, அப்பவும் சீரை விடலைங்க பாருங்க" என்று பெருமையாகச் சொன்னாள். வேலன் சிரிக்க முயன்றான். பந்தியில் அவனுக்கு இடப்பக்கமாகப் பரிமாறியவர் நீட்டிய கரண்டி தெரியாமல் கையைத் தூக்கியதில் ரசம் வேட்டியில் கொட்டியது. பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவனுக்கு வீட்டு வேலை வரவில்லை. ஒற்றைக் கண்ணோடு மட்டம் எப்படிப் பார்ப்பான் என்று ஊரே பேசியது. காம்பவுண்ட் சுவர், மாட்டுக்கொட்டகை என்று சில்லறை வேலைகள்தான் கிடைத்தன.

அடுத்த வருஷம் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம் என்று அருள்குமாருக்குத் தோன்றியது.

"உங்கண்ணனையே கூப்புடு" என்றான். "சும்மாதான இருக்காரு, கொறச்சுப் பண்ணித் தருவாரு."

பிரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் நம்பரை அழுத்தினாள்.

விஷயத்தைச் சொன்னாள். வேலன், "வாரேன் அம்மணி" என்றான். "இந்தத் தடவ நீ பக்கத்துலயே நின்னுக்கோ. எனக்கு நூல் சரியாத் தெரியறதில்ல."

"சரிங்கண்ணா" என்று போனை வைத்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டான் அருள்குமார்.

"வர்றாருங்க."