டெரன்ஸின் குரோமும் மாதா கெபியும்

சாந்தோம் பக்கம் எங்கள் குடியிருப்பில் எது பழுதானாலும் டெரன்ஸுக்குத் தெரியாமல் மறைப்பதுதான் வழக்கம். தெரிந்தால் சரிசெய்ய வந்துவிடுவார். அவர் பிரித்து மாட்டிய மிக்ஸியில் ஒரு திருகாணி நிச்சயம் மிஞ்சும். "இது சும்மா எக்ஸ்ட்ராவா போட்டிருக்கான்" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது.

வாங்கியபோது அந்தக் காரில் குரோம் அளவோடுதான் இருந்தது. மிச்சத்தை டெரன்ஸ் சேர்த்தார். கார் அலங்காரக் கடைகள் வரிசைகட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய்வரும் போதெல்லாம் ஏதாவது ஒன்று பளபளத்துக்கொண்டு கூடவே வரும். கதவுக் கைப்பிடிக்கு உறை, ஜன்னலுக்கு ஓரப்பட்டை, பெட்ரோல் மூடிக்கு இன்னொரு மூடி. வெயில் நேரத்தில் அந்த வண்டியைக் கடப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

தங்கை மர்சலினின் மகள் டீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தக் குடும்பத்தில் பெண்ணைக் கோயிலுக்குக் காரில் அழைத்துப் போவது தாய்மாமன்தான். டீனாவின் ஞானஸ்நானத்தன்றே டெரன்ஸ் இதைச் சொல்லி வைத்திருந்தார். குழந்தை அப்போது மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

இப்போது சொன்னது. "மாமா, வண்டி நகைக்கடை வாசல் மாதிரி இருக்கு. அதுல வந்து எறங்கினா என்னை யாரும் பார்க்க மாட்டாங்க."

மர்சலின் தீர்ப்பு கொடுத்தாள். "அண்ணே, தப்பா நினைக்காத. மாப்பிள்ளை வீட்டுல எல்லார் வண்டியிலயும் பட்டை, கைப்பிடி எல்லாம் இப்ப கறுப்புதான். அந்த மினுக்கு போச்சுன்னா நீ ஓட்டு. இல்லன்னா வாடகை வண்டி சொல்லிடுறேன்."

ஒட்டியதை எல்லாம் பிடுங்கினால் போதும். ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. குரோமைப் புகைக்கறுப்பாக மாற்றும் ஸ்ப்ரே டின்ட் ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்தார். பிடிக்காவிட்டால் பிறகு தோல் போல உரித்துக்கொள்ளலாமாம். காற்றில்லாத, மூடிய இடத்தில் அடிக்க வேண்டும் என்று வீடியோவில் வந்தவன் திரும்பத் திரும்பச் சொன்னான். "அவன் ஊர்ல கடல்காத்து கிடையாது, பாவம்" என்றார் டெரன்ஸ்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல், கடல்காற்று வரட்டும் என்று டப்பாவோடு காத்திருந்தார். சீக்கிரம் காயுமே. பழைய பங்குக் கோயில் மடல்களை டேப் போட்டு ஒட்டி, காரின் வெள்ளைப் பகுதியை ஒரு விரற்கடைகூடத் தெரியாமல் மறைத்தார். பானெட்டில், மடலின் அட்டைப்படத்து ஆயர் தலைகீழாகச் சிரித்தார். காற்று வந்தது. டெரன்ஸ் அடித்தார். காரைத் தவிர உலகத்தில் வேறு எதையும் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

காருக்கு மேற்கே, நான்கடி தள்ளி, குடியிருப்பு மொத்தமும் கும்பிடும் மாதா கெபி. கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளைச் சேலையில் மாதா.

மாலையில் கல்யாண வீட்டுச் செபமாலைக்கு எல்லாரும் கெபி முன்னால் கூடினார்கள். செபத்தை நடத்துபவர் பவுல்சாமி. குடிநீர்த் தொட்டியின் பாசியில் சிலுவை கண்டவர். விளக்கைப் போட்டதும் அலறினார்.

"ஐயோ! மாதா மொகம் கறுத்துப் போய்க் கீதே!"

மெழுகுவர்த்திகள் வந்தன. அழுகை வந்தது. யாரோ படமெடுத்துப் பங்கு வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். அன்றைக்குச் செபமாலையில் மகிழ்ச்சி மறைபொருள்களைத் தியானித்துச் சொல்ல வேண்டிய நாள். பவுல்சாமி தன் பொறுப்பில் துயர மறைபொருள்களுக்கு மாற்றினார். மாதா கறுத்ததைப் பார்த்த அத்தனை பேரும், பக்கத்திலேயே ஒரு கார் கறுத்து நிற்பதைப் பார்க்கவில்லை.

டெரன்ஸ் பார்த்தார். முதல் வரிசையில் முழந்தாளிட்டிருந்தவருக்குக் கண்ணாடியிலிருந்து வந்த ஸ்ப்ரே வாசனை நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் நாளைக்கு ஸ்டியரிங் கைக்கு வராது. அதனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் செபித்தார்.

மூன்றாவது மறைபொருளில் மர்சலினின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா, அடையாறிலிருந்து. போன் ஸ்பீக்கரில் இருந்தது. "படம் பார்த்தேங்க. மனசே சரியில்ல. கல்யாணத்தை ஒரு மாசம் தள்ளி வெச்சா என்ன?"

மர்சலின் படியில் உட்கார்ந்துவிட்டாள். டீனா அசையாமல் நின்றாள்.

டெரன்ஸ் எழுந்தார். பெயின்டைக் கரைக்க டப்பாவோடு வாங்கிய தின்னர் புட்டியை எடுத்துத் திறந்து கைக்குட்டையை நனைத்தார். யாரோ அவசரமாக மெழுகுவர்த்திகளை நகர்த்தினார்கள். கண்ணாடியில் வட்டமாகத் துடைத்தார். வட்டத்துக்குள் மாதாவின் முகம் பளிச்சென்று வந்தது.

"புதுமை! அற்புதம்!" என்று கத்தினார் பவுல்சாமி. "டெரன்ஸு கை பட்டு மாதா வெளுத்துட்டாங்க! நைனா, இத்தினி நாளு உன்ன இன்னான்னு நெனச்சோம்!"

ஒரு கிழவி டெரன்ஸின் காலைத் தொட்டாள். ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், அவர் அப்படியே நின்றார். முகத்தில் ஒரு சாந்தம்கூடப் படர ஆரம்பித்தது.

"மாமா, அந்தக் கைக்குட்டையைக் காட்டுங்க" என்றாள் டீனா.

காட்டினார். கரி.

"காத்து கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிடுச்சும்மா. மாதா கறுக்கல. கண்ணாடிதான். நான் வண்டிக்கு அடிச்சது."

பவுல்சாமி ஒப்புக்கொள்ளவில்லை. கிடைத்த புதுமையை அவ்வளவு லேசில் விட முடியுமா? "அடக்கத்துல சொல்றான்யா! ஸ்ப்ரேவாவது, ஒன்னாவது!"

வேறு வழியில்லாமல் டெரன்ஸ் காரிடம் போனார். கதவுக் கைப்பிடியின் ஓரத்தை நகத்தால் கீறி இழுத்தார். கறுப்பு, பாம்புச் சட்டை போலக் கழன்று வந்தது. அடியில் குரோம் மின்னியது. கூட்டம் கண்ணை மூடிக்கொண்டது.

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, "அப்போ கல்யாணம் நாளைக்கேதான். ஆனா பொண்ணு அந்த வண்டியில மட்டும் வர வேணாம்" என்றார்.

மர்சலின் அண்ணனைப் பார்க்காமலே வாடகை வண்டிக்குப் போன் போட்டாள்.

மறுநாள் டீனா வாடகைக் காரில் முன்னால் போனாள். பின்னால், பாதி உரிந்தும் பாதி உரியாமலும் சொறி பிடித்த கோலத்தில் டெரன்ஸின் கார் வந்தது. பின்சீட்டில் கேக். முன்சீட்டில், மற்ற எல்லாரும் ஏற மறுத்ததால், பவுல்சாமி.

"வாயை மூடிக்கினு இருந்திருந்தா இன்னிக்கி முன்னால போறது உன் வண்டி" என்றார் பவுல்சாமி. "தொட்டுக் கும்புட்டிருப்பாங்க."

டெரன்ஸ் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் பிளேட்டுக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு குரோம் பட்டை.

"பார்த்தியா பவுலு, எவ்ளோ மினுக்குன்னு" என்றார். "பூசை முடிய ஒரு மணி நேரம் ஆகும். டிரைவர் எப்படியும் டீ குடிக்கப் போவான்."

ஸ்ப்ரே டப்பா டிக்கியில்தான் இருந்தது. அன்றைக்கும் நல்ல காற்று.