அத்தை புளியமரம் ஏறிய உச்சிவேளை

என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்து கிளையைப் பிடித்தது. இரண்டு கண்ணாடி வளையல், விரல் இடுக்கெல்லாம் புளிப் பிசுக்கு. அத்தையின் கை என்று தெரிந்தது. தரையிலிருந்து இருபதடிக்கு மேலே அது எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் புளியமரம் ஏறுவதில்லை. ஆண்கள் ஏறி உலுக்குவார்கள், பெண்கள் கீழே பொறுக்குவார்கள்.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கரியாலூருக்கு மேலே ஏறும் சாலைக்குச் சற்று உள்ளே, அந்தத் தோப்பு. வருஷா வருஷம் பங்குனியில் எங்கள் ஊர் ஆட்கள் அங்கே புளி உலுக்கப் போவோம். எவன் மரம் ஏறுகிறானோ அவன் வீட்டுப் பெண்களுக்குத்தான் அந்த மரத்தடி. ஏற ஆள் இல்லாத வீட்டுக்குப் பொறுக்கும் வேலையும் கிடையாது. அந்த வருஷம் அப்பாவுக்கு முழங்கால் வீங்கி, நடக்கவே சுவரைப் பிடித்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பாவின் தங்கையான அத்தையும் அவள் மகளும் எங்களோடுதான் இருந்தார்கள். நான் ஏறாவிட்டால் அவர்கள் இருவருக்கும் அந்தக் கோடையில் வேலை இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் நின்றேன்.

காலைப் பனியில் புளியின் ஓடு இளகிக் கிடக்கும், எவ்வளவு உலுக்கினாலும் விழாது. உச்சிவெயிலில் ஓடு காய்ந்து, கிளையை மிதித்தாலே சடசடவென்று கொட்டும். அதனால் எங்களிடம் வேலை வாங்கும் மேஸ்திரிக்கு நடுப்பகல்தான் பிடிக்கும். புளியமரம் நிழல் தரும் என்பது கீழே நிற்பவர்கள் சொல்வது. உலுக்குகிறவன் இலை உதிர்ந்த நுனிக்கிளையில், பாறை மேலிருந்து அடிக்கும் அனலில் நிற்கிறான். ஏறியவன் நடுவில் இறங்கினால் நாளெல்லாம் கேலி. எனக்கு அதற்கும் மேலே ஒரு கூச்சம். கீழே முழுக்கப் பெண்கள். ஒதுங்குவதற்கு மறைவாக ஒரு புதர்கூட இல்லை. அதனால் காலையில் கூழைக்கூட இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டேன். கயிற்றில் கட்டி அனுப்பிய தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பி இறக்கினேன். படித்தவன் செய்த காரியம் அது.

கீழே இருக்கிற பெண்கள் மேலே இருப்பவனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அத்தைக்கு ஒரே கேள்விதான். "டிகிரிக்கார மருமவனே, உச்சியிலேர்ந்து உன் மாமியா வூடு தெரியுதா?" தெரியவில்லை என்பேன். நல்லா பாரு என்பாள். மூன்றாம் நாள் உச்சிவேளையில் அதையே கேட்டபோது, பரீட்சை நாளைக்குத்தானே என்று நான் சொன்னேனாம். எனக்கு அது நினைவில்லை. கூடையைப் போட்டுவிட்டு, சேலையை வரிந்து செருகிக்கொண்டு, அத்தை ஏறினாள்.

என் இடுப்புத் துண்டை அவிழ்த்து என்னைக் கிளையோடு சேர்த்துக் கட்டினாள். கழுத்தில் தொங்கவிட்டு எடுத்து வந்த பாட்டில் தண்ணீரை என் பிடரியில் ஊற்றினாள். "வேர்வையே இல்ல பாரு, காஞ்ச சுள்ளியாட்டம் இருக்கிறான்" என்று கீழே பார்த்துச் சொன்னாள். பக்கத்து மரத்து ஆட்கள் இரண்டு பேர் கயிறு கொண்டுவந்து என்னை இறக்கினார்கள்.

உப்புப் போட்ட நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். கண் தெளிந்ததும் அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"காலையிலேர்ந்து ஒருதரமாவது ஒதுங்கினியாடா?"

"இல்ல அத்தே."

"ஏன்?"

"நீங்கல்லாம் கீழ இருக்கிறீங்களே."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் மகள் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "நீங்க மேல உக்காந்துக்கினு இருக்கிறீங்கன்னு நாங்களுந்தான் அடக்கிக்கினு இருக்கிறோம்."

மரத்தின் மேலிருந்து தோப்பு முழுவதும் தெரியும். ஒவ்வொரு மூலையும் தெரியும். மூன்று நாளும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண்கள் விடியுமுன் ஒதுங்கிவிட்டு வந்து, பொழுது சாயும்வரை தொண்டையை மட்டும் நனைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். என் பதில் பிசகியதும் இன்னது என்று அத்தைக்குத் தெரிந்தது, அந்தக் கிறுகிறுப்பு அவளுக்கே பழக்கம் என்பதால்தான்.

மேஸ்திரி வந்தார். பொம்பளை ஏறிய மரம் அடுத்த வருஷம் காய்க்குமா என்றார். நல்ல வெயிலில் வேலை நின்றுபோச்சு என்றார். நாளையிலிருந்து இந்த மரத்துக்கு வேறு வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதற்குப் பயந்துதானே நான் ஏறினேன். அத்தை எழுந்துகூட நிற்கவில்லை.

"உச்சி வெயில்ல எறங்கி நெழல்ல குந்தினா மரம் எந்திரிச்சு ஓடியா பூடும்? ஆள மாத்துங்க. மாத்தின ஆளும் தண்ணி குடிப்பான் இல்ல?"

என்னை இறக்கிய இருவரும் தங்கள் மரத்துக்குத் திரும்பவில்லை. மற்ற மரங்களில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து, தண்ணீர்ப் பானையைச் சுற்றி உட்கார்ந்து குடித்தார்கள். மேஸ்திரி உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, மூன்று மணிக்கு ஏறுங்கப்பா என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் போனார்.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேலே மின்விசிறி, வராந்தாவின் கோடியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை. கோடை வந்தால் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவிப்பு ஒட்டுகிறோம். ஒட்டுகிறபோது, ஒருதரமாவது ஒதுங்கினியா என்று கேட்ட அத்தையை நினைத்துக்கொள்கிறேன். என் உயிர் அவள் கொடுத்தது என்று ஒருமுறை சொன்னேன். "போடா, வேலையப் பாரு" என்றாள்.

தோப்பில் அன்றைக்கு மறுநாளும் நான் அதே மரத்தில்தான் ஏறினேன். பத்து மணிக்கு அத்தை குரல் கொடுத்தாள், பெண்கள் எல்லோரும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், நாங்கள் இறங்கிப் போய்வந்தோம். திரும்ப ஏறியதும் மறுபடி அவள் குரல்.

"ஆம்பளைங்களா, இப்ப நீங்க மலையப் பாருங்க."

அவரவர் கிளையில் மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். முதுகுக்குப் பின்னால் பெண்கள் பேசிக்கொண்டே போவதும் வருவதும் கேட்டது. அப்புறம் பானையில் சொம்பு முங்கும் சத்தம், ஒருமுறை இல்லை, பலமுறை. திரும்பலாம் என்று அத்தை சொல்லும்வரை நாங்கள் யாரும் திரும்பவில்லை.