சாத்துக்குடி மரத்தின் வெள்ளைக் கோடு

சோழவரத்தில் எங்கள் கிணற்றடிச் சாத்துக்குடியை நம்பித்தான் சித்தப்பா கும்மிடிப்பூண்டி ஆலை வேலையை விட்டார். அதன் கிளையிலிருந்து துளிர்மொட்டெடுத்து, நாரத்தங்கன்றில் ஒட்டுக்கட்டி, விற்பதற்காகக் கொல்லை நிறையக் கன்று வளர்த்தார். ஊரில் பலர் கன்று கேட்டுச் சொல்லி வைத்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. சித்திக்குச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், செடிகளுக்கு வரும் வைரஸைக் கண்டுபிடிக்கும் வேலை. தாய்மரத்தைச் சோதித்துவிடலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கினு போ. நம்ம மரத்துக்கு இன்னா கொறை?" என்று சிரித்தார் சித்தப்பா. கொழுந்திலைகள் ஐஸ் டப்பாவில் ரயிலேறின.

சில நாள் கழித்து சித்தி அந்தச் சோதனையின் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இலைச்சாறுல துளி வைரஸ் இருந்தாலும் மெஷின் அதோட ஒரு துணுக்கைக் கோடிக்கணக்காப் பெருக்கிடும். பெருகினது கோடாத் தெரியும்" என்று எனக்குச் சொன்னார். நோயில்லாத இலையின் இடம் வெறும் கறுப்பு. எங்கள் மரத்துக்கோ பளிச்சென்று வெள்ளைக் கோடு. மரம் பாஸாகிவிட்டதென்று நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

"ஒரு இலைகூட வாடலியேம்மா" என்றார் அப்பா.

"தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் மறுபடியும் போட்டுப் பாத்தேன்" என்றார் சித்தி. "வெளிய தெரிய வருஷமாகும். ஆனா இந்த மொட்டு போற தோட்டத்துக்கெல்லாம் நோயும் போகும்."

பழம் தின்ற எனக்கும் வருமா என்று அழுதேன். சித்தி ஒரு பழத்தை உரித்து, பாதியைத் தன் வாயில் போட்டு, மீதியை எனக்கு ஊட்டினார். "மனுஷங்களுக்கு வராதுடி."

"பச்சையாத்தானே கீது? கேட்டவங்களுக்குக் குடுத்துட்டுப் போயேன்" என்றார் அப்பா, தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

சித்தப்பா நேரே கொல்லைக்குப் போய்க் கன்றுகளைப் பிடுங்கத் தொடங்கினார். கூப்பிடாமலே சித்தியும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார். சாயங்காலம் குவியலுக்குத் தீ வைத்தார்கள். பிறகு மரத்தையும் வெட்டினார்கள். மறுவாரம் சித்தப்பா திரும்பவும் ஆலை வாசலில் வேலை கேட்டு நின்றார்.

கன்று பிடுங்கிய அன்று சித்தியின் உள்ளங்கையில் நாரத்தை முள் ஏறியிருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து சித்தப்பா ஊக்கால் அதை எடுத்தார், ஊதி ஊதி. அத்தனை கன்றும் யாரால் போயிற்றோ, அவரை ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று எனக்கு ஒரே ஆத்திரம். சித்தி நிறையப் படித்தவர், அதனால் சித்தப்பா பயப்படுகிறார் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.