பலகைச் சுவரோரம் நான் வளர்த்த நெருப்பு

ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பாடத்தை நேற்று என் மகள் படித்துக்கொண்டிருந்தாள். "உம்மா, நீங்க எப்பவாச்சும் ஃபயர் மேக் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

அதே பாடத்தை நான் படித்தபோது பர் துபாயில், ஒரு ஃப்ளாட்டின் கூடத்தைப் பலகையால் தடுத்த அறையில் இருந்தோம். ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்து நடத்தியவர் உம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை, எனக்கு மாமா. மற்ற அறைகளில் தனியாட்கள். பிள்ளைகள் சேட்டை செய்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்ற பேச்சோடுதான் எங்களைச் சேர்த்திருந்தார்.

கார் நிறுத்தும் மணல்வெளியில் பொறுக்கிய இரண்டு கற்களை ஒரு வாரம் உரசிப் பார்த்தேன். விரல்தான் தேய்ந்தது. ஆனால் அதற்கும் முன்பு, காட்டில் தானாகப் பற்றிய நெருப்பை எடுத்துவந்து அணையாமல் காத்தார்கள் என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். அது எனக்குத் தோதாக இருந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் உறங்கும் நேரம். உம்மா சாம்பிராணி போட்ட கரி இன்னும் சிவப்பாகக் கிடந்தது. அதைக் கரண்டியால் எடுத்துப் பால் டின்னில் போட்டுப் பலகைச் சுவரோரம் ஒளித்தேன். பசிக்குமே என்று நோட்டுத் தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டது. பிறகு சுவரையும் சாப்பிடத் தொடங்கியது.

வாப்பா துள்ளி எழுந்ததும், தம்பியைத் தூக்கி உம்மாவின் கையில் திணித்ததும், வாளித் தண்ணீரைக் கொட்டியதும் எந்த வரிசையில் நடந்தன என்று இன்றும் குழப்பம்தான். புகைக்குள் மாமா வந்து நின்றார். யார் வேலை இது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பெருமையாகச் சொல்வதற்கா, அழுவதற்கா, தெரியவில்லை.

"நான்தான் மச்சான். சிகரெட்டோட கண்ணசந்துட்டேன்," என்றார் வாப்பா.

"நீயா? சாயாவையே ஊதி ஊதிக் குடிக்கிற ஆளு, எப்பலேர்ந்து சிகரெட்டு?"

இனிமேல் பால்கனியில்தான் பிடிப்பேன் என்று வாப்பா வாக்குக் கொடுத்தார். மாமா அரைமனதாகப் போனார்.

என் நெருப்பை வாப்பா தன் பெயரில் எடுத்துக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட மோசம், மறுநாளிலிருந்து வாப்பா டியூட்டி முடிந்து வந்ததும் மாமா பார்க்கும்படி பால்கனியில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினார். ஒரு வாரம் பொறுத்தேன்.

"வாப்பா கெட்டுப்போயிட்டாங்க உம்மா," என்றேன்.

உம்மா அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். சிகரெட் பிடிப்பது வாப்பா, அடி எனக்கு எதற்கு என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.