பர்வீன் மெலிதாக்கிய கதவு

"அக்கா போய்ட்டாங்க சார்" என்று பர்வீனின் தம்பி ஆம்பூரிலிருந்து போனில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. "எங்க போயிருக்காங்க?" என்று கேட்டேன். அவர் மறுபடி விளக்கிச் சொன்னார். வேலைக்குக் கிளம்பும்போது மயங்கி விழுந்தவர், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாராம். போனை வைத்த பிறகும், திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அவர் வருவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காட்பாடிக்குப் பக்கத்தில் நம் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராணுவத்துக்கான கவச வாகனங்களின் உடற்பகுதியை வடிவமைக்கும் பிரிவு அவருடையது. அதைச் செய்து தரும் பிரிவு என்னுடையது. எங்களுக்குள் சண்டையில்லாத வாரம் குறைவு. அவருடைய குடும்பம் தோல் பதனிடும் குடும்பம். எஃகுக்கு எப்படி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எங்க வீட்ல எல்லாரும் தோல் வேலைதான். நானும் அதான் பண்றேன், கொஞ்சம் கெட்டியா."

கண்ணிவெடியின் வேகம் இரு பக்கமும் பிரிந்து போகும்படி, வண்டியின் அடிப்பாகத்தைத் தோணிபோல் கூம்பலாக அமைத்தோம். அதிர்ச்சி முதுகெலும்புக்கு ஏறாமலிருக்க இருக்கைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். இவற்றைவிட அவருக்குப் பெருமை பின்கதவில்தான். சோதனையில் சுட்ட எதுவும் அதைத் துளைத்ததில்லை. அதன் தடிமனில் ஒரு நூலளவு குறைக்கக் கேட்டாலும் என்னோடு மல்லுக்கு நிற்பார்.

ஒரு மத்தியானம், சோதனை வண்டியைக் கிரேனால் பக்கவாட்டில் சாய்க்கச் சொன்னார். "வெடில மாட்டினா வண்டி நேரா நிக்குமா குமார்?" என்றார். உள்ளே போய் பெல்ட் போட்டுக்கொண்டு, "நான் கூப்பிட்டாலும் தொறக்காதீங்க" என்று சொல்லிக் கதவை மூடச் செய்தார்.

சாய்ந்த வண்டியில் அந்தக் கனத்த கதவை மேலே தூக்கித்தான் திறக்க முடியும். உள்ளேயிருந்து அவர் அதை இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுபோனது. "இன்னா சார் பண்றது?" என்றார் பக்கத்திலிருந்த வெல்டர். பர்வீன் பேச்சைக் கேட்பதா, கதவைத் திறப்பதா? கடைசியில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இழுத்துத் திறந்தேன். வியர்வையில் நனைந்து, வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தொறந்தீங்க?"

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"அங்க யாரு வந்து தொறப்பாங்க?"

அதற்கடுத்த வாரமே கதவை மெலிதாக்கி, தள்ளினால் எழும்பும்படி ஸ்பிரிங் வைத்து வரைபடத்தை நீட்டினார். எனக்குக் கோபம் வந்தது. "அப்ப சொன்னது தப்பா, இப்ப சொல்றது தப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே தப்பா இருக்கலாம்" என்றார். அந்த மெலிந்த கதவோடுதான் வண்டிகள் ராணுவத்துக்குப் போயின.

பிறகொரு நாள் அந்த வண்டிகளில் ஒன்று காட்டுப் பாதையில் கண்ணிவெடியில் சிக்கிச் சாய்ந்தது. உள்ளே இருந்த எல்லோரும் தீ பரவுமுன் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் இறங்குவதற்குள், மறைந்திருந்தவர்கள் சுட்ட ஒரு குண்டு கதவைத் துளைத்து, சக்திவேல் என்ற சிப்பாயின் முழங்காலைச் சிதைத்துவிட்டது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. பழைய கதவு அந்தக் குண்டைத் தடுத்திருக்கும். அதைத் திறந்துகொண்டு அவர்கள் வெளியே வந்திருப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சக்திவேலுக்கு ஊர் நாட்றம்பள்ளிப் பக்கம். பார்க்கப் போகலாம் என்றார் பர்வீன். "போய் இன்னா சொல்லப் போறீங்க?" என்றேன். "தெரியல. வண்டிய எடுங்க."

போனதும் நேராகவே சொல்லிவிட்டார். "தம்பி, அந்தக் கதவ மெலிசாக்கினது நான்தான்."

சக்திவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"ஒரே தள்ளுல தொறந்துச்சு மேடம். எல்லாரும் எறங்கிட்டோம்" என்றார் சக்திவேல். பிறகு, "பழைய கதவா இருந்தா என் கால் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

"மத்தவங்க?"

"தெரியலப்பா."

சக்திவேல் தலையாட்டினார். திரும்பும்போது ஆம்பூர் வந்ததும் பர்வீன், "அவரு நன்றி சொன்னாரா, நியாயம் கேட்டாரா?" என்றார். எனக்கு அது இன்றும் தெரியாது. கதவை அவர் மறுபடி தடிமனாக்கவில்லை. அதுதான் சரி என்றும் ஒருநாளும் சொன்னதில்லை.

பர்வீனின் அடக்கத்துக்குச் சக்திவேல் செயற்கைக் காலோடு வந்திருந்தார். கேட்கக் கூடாத இடத்தில் கேட்டேன்: "மேடம் மேல வருத்தம் இருக்கா?"

"உயிரோட இருக்கேன் சார், வருத்தம் இன்னா?" என்றவர், தொடர்ந்து, "சில நாள் கோவம் ஜாஸ்தியா வரும். அன்னைக்கு அவங்களுக்கே போன் பண்ணுவேன். எடுப்பாங்க" என்றார். இப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது ட்ரோன்கள் மேலிருந்து குண்டு போடுகின்றன. கூரையைத் தடிமனாக்கச் சொல்கிறார்கள். அந்த எடையை வேறெங்காவது குறைத்தாக வேண்டும். போன வாரக் கூட்டத்தில், பர்வீனின் நாற்காலி காலியாக இருக்க, "இந்தக் கூரை போதுமா?" என்று ஒரு ராணுவ அதிகாரி என்னைக் கேட்டார். "தெரியல சார்" என்றேன். அந்தப் பதிலைப் பர்வீன் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ முறை எரிச்சல்பட்டவன் நான். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டு ராத்திரி எப்படித் தூங்கினீர்கள் என்று மட்டும் அவரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.