விளக்குக்குப் பின்னிய ஜடை

வெளிச்சம் வந்துவிட்டால் விளக்கு செய்கிறவர்களின் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், ஒரு மாதம் அதன் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பார்க்க வேண்டும். லைட்டைப் போட்டதும் ரேடியோ கரகரக்கிற வீடுகளில் இருப்பவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், பீங்கான் யூனிட்டுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன எல்.இ.டி. லைட் பட்டறையில் ஒயர் கோர்க்கிற ஆறு பெண்களில் மூத்தவள், பெயர் ராணி. கவலைப்படுவதும் என் வேலைதான். அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

இருமுகிற ரேடியோ

மங்கலம்பேட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாய், புதிதாகக் கட்டும் கல்யாண மண்டபத்துக்கு எங்களிடம் லைட் கேட்டிருந்தார். மாதிரிக்கு ஒன்றை வீட்டில் மாட்டிப் பார்த்தவர், மறுநாளே அதைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். மண்டபத்து மைக்கும் இப்படிக் கரகரத்தால் யார் பதில் சொல்வது, லேப் சர்டிபிகேட் இருந்தால்தான் எடுப்பேன் என்றார். இந்த ஆர்டர் போனால் கோர்க்கிற பிரிவையே மூடவேண்டியதுதான் என்றார் எங்கள் முதலாளி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாய் மட்டும் தன் அப்பாவையும் வம்புக்கிழுத்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “லைட்டு பளிச்சின்னுதான் எரியுதுக்கா. ஆனா அதப் போட்டா ரேடியோ எங்க அத்தாவ விட ஜாஸ்தியா இருமுது.”

மர மேஜை

எங்கள் இன்ஜினியர் நஸ்ரீனுக்கு என் மகள் வயசு. அவளோடு நானும் லைட்டைத் தூக்கிக்கொண்டு சென்னை லேப்புக்குப் போனேன். அங்கே ஒரு மர மேஜை. அதன் உயரம் எண்பது சென்டிமீட்டர். பின்னால் இரும்புச் சுவர்; அதற்கும் லைட்டுக்கும் நடுவே நாற்பது சென்டிமீட்டர். அங்கிருந்த அதிகாரி டேப்பை வைத்து அளந்தார், ஒயரைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளந்தார். எந்த ஊர் லேப்பில் வைத்தாலும் ஒரே விடை வரவேண்டுமாம்.

கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒரு கோடு. அதற்குக் கீழே ஓட வேண்டிய எங்கள் கோடு நாலு இடத்தில் எகிறிக் குதித்தது. ஃபெயில். எனக்கு ஆத்திரம் மேஜைமேல் போயிற்று. “எங்க பட்டறையில ஸ்டீல் மேஜை சார், ஆடாது. அதுமாதிரி ஒண்ணுல வச்சிப் பாருங்க” என்றேன். அவர் டேப்பைச் சுருட்டியபடி சொன்னார்: “ஸ்டீல் மேஜையும் கூடச் சேர்ந்து பாடும்மா. அப்புறம் எது உங்க லைட்டு, எது மேஜைன்னு நான் எப்படிச் சொல்றது?”

யார் போட்ட கோடு

திரும்பி வரும்போது ரயிலில் நஸ்ரீனைத் துளைத்தெடுத்தேன். அந்தச் சிவப்புக் கோட்டை யார் போட்டது? சாமான் செய்கிறவர்கள், ரேடியோ நடத்துகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்த அளவு என்றாள். சத்தமே கூடாது என்றால் எந்தச் சாமானும் செய்ய முடியாது; எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றால் யாரும் ரேடியோ கேட்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டு ரேடியோ பத்து மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்களாம். அந்தக் காலத்தில் ஆட்களை உட்காரவைத்து, நிகழ்ச்சியோடு இரைச்சலையும் கலந்து போட்டு, எவ்வளவு எரிச்சல் வருகிறது என்று கேட்டார்களாம். ஓயாமல் வரும் சத்தத்துக்குக் கண்டிப்பு அதிகம். எப்போதாவது ‘டக்’ என்றால் மன்னிப்பு உண்டு. அளக்கிற மிஷினையே அந்தக் காதுக்கு ஏற்ற மாதிரிதான் செய்தார்களாம்.

“அப்ப என்னை மாதிரி ஒருத்தி அங்க உக்காந்திருக்கா” என்றேன். நஸ்ரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “உங்கள உக்கார வச்சிருந்தா கோடு ஜீரோவுலதான்க்கா இருந்திருக்கும்.”

இரண்டு புடவை தூரம்

ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு ஓட முடியாது. பேட்டரி ரேடியோ ஒன்று கொண்டுவந்தேன். பத்து மீட்டர் என்றால் இரண்டு புடவை நீளத்தில் ஒரு மீட்டர் குறைவு. மடித்து அளந்து, அந்தக் கோடியில் லைட், இந்தக் கோடியில் ரேடியோ. இரண்டு நாள் நஸ்ரீன் எதை எதையோ மாற்றினாள். கரகரப்பு அப்படியே இருந்தது. வெறுத்துப்போய் லைட்டை அணைத்தேன். அப்போதும் கரகரத்தது.

காரணம், பக்கத்துப் பொம்மை யூனிட்டின் கரண்ட் சூளை. லேப்பிலும் முதலில் அணைத்துவிட்டுத்தான் கேட்பார்கள் என்பது அப்போதுதான் நஸ்ரீனுக்கு நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூளையை நிறுத்த முடியுமா என்று கேட்கப் போனேன். சூளைக்காரர் சம்மதித்தார், ஆனால் சும்மா விடவில்லை: “ஒங்க லைட்டு நல்லபடியா எரியறதுக்கு எங்க புள்ளையாரு வேகாம நிக்கணுமாம்மா?”

ஜடை

ஞாயிற்றுக்கிழமை லைட்டைத் திறந்து வைத்துக் கேட்டோம். ரேடியோ சுத்தமாகப் பாடியது. கோர்த்து மூடி வைத்தோம், இருமியது. திறந்தால் பாட்டு, மூடினால் இருமல். உள்ளே எட்டிப் பார்த்தேன். என் ஜடை கண்ணில் பட்டது.

கரண்ட் உள்ளே வரும் ஒயரையும் விளக்குக்குப் போகும் ஒயரையும் சேர்த்து ஜடை பின்னி, நுனியில் முடிச்சுப் போட்டுச் செருகச் சொன்னது நான். பிசிறு தெரிந்தால் அவிழ்த்துப் பின்னவைத்ததும் நான். சத்தத்தைத் தடுக்க நஸ்ரீன் வைத்த சுருள் அந்த இரண்டு ஒயருக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஜடையில் ஒயர்கள் ஒட்டிக்கொண்டிருக்க, சத்தம் சுருள் பக்கமே போகாமல் இதிலிருந்து அதற்குத் தாவியிருக்கிறது. திறந்து சோதிக்கும்போதெல்லாம் நஸ்ரீன் ஜடையை அவிழ்த்துவிட்டிருந்தாள். என் கையாலேயே அவிழ்த்தேன். வரும் ஒயரை ஒரு ஓரமாகவும் போகும் ஒயரை மறு ஓரமாகவும் விட்டு மூடினேன். ரேடியோவில் உளுந்துக்கு மருந்தடிப்பது பற்றி ஒருவர் தெளிவாகப் பேசினார். இவ்வளவு இனிமையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நஸ்ரீன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்: “கதவ நான் பூட்டி வச்சேன். நீங்க ஜடையப் போட்டு சத்தத்த சுவரேத்தி வுட்டுட்டீங்களேக்கா.”

கோட்டுக்குக் கீழே

மறுபடியும் லேப், அதே மர மேஜை, அதே டேப். எங்கள் கோடு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை சிவப்புக்குக் கீழேயே போயிற்று. நம்பாமல் இன்னொரு தடவை போடச் சொன்னேன், அப்போதும் கீழேதான். கோர்க்கிற பிரிவு இன்றும் ஆறு பேரோடு நடக்கிறது. ஒருத்தியும் ஜடை பின்னுவதில்லை, தலையில் தவிர.

மண்டபத் திறப்புக்கு எங்கள் ஆறு பேரையும் பாய் அழைத்திருந்தார். எங்கள் விளக்குகள் அத்தனையும் எரிய, மைக் மணிமாதிரி ஒலித்தது. பிரியாணிப் பந்தியில் என் இலைக்கு எதிரே வந்து நின்றார்: “ரேடியோவுக்கு இருமல் நின்னுடுச்சிக்கா. இனிமே அத்தாவத்தான் டாக்டருகிட்ட காட்டணும்.”

விளக்கு எவ்வளவு சத்தம் போடலாம் என்று எழுதி வைத்தவர்கள் ராணி எவ்வளவு புலம்பலாம் என்று எங்கேயும் எழுதி வைக்காததால், அந்த ஒரு டெஸ்ட்டில் நான் இதுவரை ஃபெயிலானதே இல்லை.